பதினோராம் காம்பராவில் எத்தனை பேர்

ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது, ரயில் தெரியவில்லை. அவ்வளவு பனி.

குடிசன மதிப்பு, வீடு வீடாக ஆள் எண்ணும் வேலை, இன்று ஆரம்பம். பள்ளிக்கூடத்திலிருந்து டியூட்டி லீவு. நாலாம் வகுப்பை விமலா டீச்சரிடம் தள்ளிவிட்டு வந்தாயிற்று. பாவம்தான்.

பையில் இருப்பவை: டெப் ஒன்று, பதில்களைப் பதிய. சார்ஜர். பவர் பேங்க் (என் வீட்டுக்காரர் ரெஜியுடையது, கெஞ்சி வாங்கியது). கதவில் ஒட்டும் ஸ்டிக்கர் இரண்டு சுருள். குடை. சவர்க்காரத் துண்டு, காலில் தேய்க்க. கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது, காலில் மூன்று அட்டை ஏறிவிட்டது. இரண்டும் இல்லாமல் இந்த வேலை நடக்காது போலும்.

எனக்கு விழுந்தது தேயிலைத் தோட்டத்தின் மேமலை டிவிஷன். ஆறு லயம், ஒவ்வொன்றும் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. ஓட்டோ, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை வரைதான் போகும், பிறகு நடை. இத்தனை வருடம் பக்கத்து டிவிஷனில் படிப்பிக்கிறேன், இந்தப் பக்கம் இரண்டே முறைதான் வந்திருக்கிறேன், இரண்டும் செத்த வீடு.

யாருடைய விவரத்தையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே மேமலையில் பார்க்கிறவர்களுக்கு இங்கே நான் வைப்பது வேறு பெயர்கள். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள் என்று ரெஜி கேட்டார். "நீங்கதான்" என்றேன். சிரிக்கவில்லை.

முதல் லயம் முடிந்தது. "என்ன வேலை செய்றீங்க?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கள்:

கொழுந்து.
கொழுந்து, ஆனால் இந்தத் தோட்டத்தில் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசுக்கு.
நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் தோட்டம்.
கொழும்பில் சாப்பாட்டுக் கடை. தீபாவளிக்கு வருவான்.
நல்லதண்ணியில் யாத்திரை சீசன் கடை. மற்ற மாதம்? "மத்த மாசம் மழ பாக்குறது."
"மகன் போன்ல வீடியோ போடுறான். அது வேலையா டீச்சர்?" தெரியவில்லை. டெப்பிலும் அதற்கு இடம் தேடினேன்.

இனம் என்ற கேள்விக்கு ஓர் அம்மா என்னையே திருப்பிக் கேட்டார். "நாங்க எதுங்க டீச்சர்?" நானே சொல்லக்கூடாது என்பது விதி. இருப்பதை வாசித்துக் காட்டினேன். மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு எது போட்டீங்க?" என்றார்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி எனக்கு: "ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?" இல்லை என்று சொன்னால் தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி விழுகிறது. இன்றைக்கு மட்டும் ஏழு தேத்தண்ணி.

ஒக்டோபர் 8, செவ்வாய்

காலையில் வெயில், இரண்டு மணிக்கு இடியோடு மழை. இரண்டாம் லயம்.

பதினோராம் காம்பராவில் ஒரு விஷயம். எழுதி வைக்கிறேன், தலையை அரிக்கிறது.

பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து வந்திருந்த பெண். இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கு, அவிழ்க்கவில்லை. ஐம்பது இருக்கும். பெயர் கமலம் என்றார். வயது ஐம்பத்தொன்பது என்றார். ஆச்சரியப்பட்டேன். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார், சரிதான். படம் பழையது, யாராகவும் இருக்கலாம். வேலை கொழுந்து, தோட்டத்தில் பதிந்த ஆள். கல்யாணம் ஆகிப் பிரிந்தவர். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல.

உள்ளே இன்னொருவர் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"அவங்க?"

"அக்கா."

"அவங்க பேரு?"

இடுப்புச் சாக்கை இறுக்கிக் கட்டினார். அப்போது பன்னிரண்டாம் காம்பரா சரோஜா பீலியடியிலிருந்து கத்தினார்: "ஏ ராணி! தண்ணி வந்துருச்சு, குடத்த எடுத்துக்கிட்டு ஓடியா!"

கமலம் என்று சொன்ன பெண் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் டெப்பைப் பிடித்தபடி நின்றேன். அக்கா ரொட்டியைப் புரட்டிவிட்டு, "பொறகு வாங்க டீச்சர். அவ இருக்கையில வாங்க" என்றார். ரொட்டி கருகியிருந்தது.

வெளித் தாழ்வாரமான இஸ்தோப்பில் நின்று முடிக்காத வீடு என்று குறித்தேன். கதவில் ஸ்டிக்கர் ஒட்டியபோது அக்கா சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கமலமா, ராணியா? செல்லப் பெயராக இருக்கலாம். என்னையே வீட்டில் பேபி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அக்காவின் பெயரை ஏன் சொல்லவில்லை? அக்காவுக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்?

ரெஜியிடம் பெயர் சொல்லாமல் மேலோட்டமாகச் சொன்னேன். "கணக்கெடுக்கப் போனியா, துப்பறியப் போனியா?" என்றார்.

ஒக்டோபர் 9, புதன்

ஐந்தரைக்கே புறப்பட்டேன். வேலைக்குப் போகிறவர்களை வீட்டில் பிடிக்க வேண்டும் என்பது காரணம். உண்மைக் காரணம் பெரட்டு. காலையில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துப் பெரட்டில் அம்மாவோடு நின்றிருக்கிறேன்.

அங்கே அப்போது இடம் நிறைய ஆட்கள். இங்கே இன்று இருப்பவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். காதைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு பேசுவதால் எல்லாரும் கத்துகிறார்கள்.

"நேத்து எனக்கு அரப்பேருதான் போட்டாங்க."
"எனக்கும். மழையில எங்கிட்டு கொழுந்து எடுக்குறது?"

பேர் என்றால் இங்கே ஒரு நாள் வேலை. நிறுவை குறைந்தால் அரைப்பேர். என் அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்வது அதுதான், இன்னைக்கு முழுப்பேரு, இன்னைக்கு அரப்பேரு என்று. அது விசித்திரமான சொல் என்று இன்றுதான் தோன்றியது.

கங்காணி, "கமலம்!" என்றார்.

"இருக்கேன்." நேற்று குடத்தோடு ஓடிய அதே பெண். ஒரு நொடி தாமதம் கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்துவிட்டார். முகம் மாறிவிட்டது.

வெட்கமாக இருந்தது எனக்கு. ஒளிந்து நின்று பார்த்த மாதிரி.

திரும்பும்போது கண்டாக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இப்போது ஃபீல்ட் ஒஃபிசர் என்று பெயர், ஆட்கள் கண்டாக்கையா என்றுதான் சொல்கிறார்கள். நல்ல மனிதர், என் அப்பாவைத் தெரியும் என்றார். ஒஃபிசில் தேத்தண்ணி, மாரி பிஸ்கட். பிறகு மெதுவாக:

"டீச்சர், எந்தக் காம்பராவுல யாரு யாரு இருக்காங்கன்னு எழுதியிருப்பீங்கதானே?"

"எழுதுறேங்க."

"தொர ஒரு லிஸ்ட் கேக்குறாரு. தோட்டத்துல வேல செய்யாத ஆளுங்க எத்தன பேரு காம்பராவப் புடிச்சிக்கிட்டு இருக்காங்கன்னு. அந்த டெப்ப ஒரு தடவ காட்டுனீங்கன்னா எனக்கு அலைச்சல் மிச்சம்."

"காட்ட முடியாதுங்க. சட்டம்."

"நம்ம ஆளுங்கதானே டீச்சர்."

"அதனாலதான் முடியாதுங்க."

இதைச் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம். டெப்பை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். பிஸ்கட் தேத்தண்ணியில் விழுந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. வெளியே வந்து சைக்கிளை உதைத்துக்கொண்டே, "கமலம் இந்த வருசக் கடைசியோட ஓய்வு. கடுதாசி குடுத்தாச்சு. அப்பறம் அந்தக் காம்பராவுல வேலக்காரங்க யாரும் இல்ல" என்றார். நான் கேட்கவில்லை. ஏன் கமலத்தைப் பற்றி மட்டும் சொன்னார்?

மூன்றாம் லயம் முடிந்தது. சிக்னல் இல்லை. அனுப்புவதற்கு மாடசாமி கோயில் பாறைமேல் ஏறி டெப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கீழே இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கும்பிட்டன, எதற்கோ.

ஒக்டோபர் 10, வியாழன்

மழை விடவில்லை. குடை ஒரு கம்பி போயிற்று.

பத்து மணிக்கு மறுபடி பதினொன்று. தங்கை மலையில். அக்கா மட்டும். உட்காரச் சொன்னார், பலகையைத் துடைத்துப் போட்டார். நான் டெப்பைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

"நேத்து பெரட்டுக்கு வந்திருந்தீங்களாம். அவ ராத்திரிச் சோறு திங்கல."

மன்னிப்புக் கேட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன், சொன்னால் எனக்குத்தான் தண்டனை என்றேன்.

"வேற யாருக்கும் தெரிய வராதே டீச்சர்?"

"வராதுங்க."

வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான்தான் கமலம்."

அவர் சொன்னது இவ்வளவு. தங்கை ராணிக்குப் பிறந்த பதிவு இல்லை. பதிவு இல்லாததால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாததால் தோட்டத்தில் பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடம் முன்பு கமலத்தின் புருஷன் விட்டுப் போனபோது, கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை வந்தது. போய்ப் பார்த்துப் பிடித்தால் இருப்பது, இல்லாவிட்டால் திரும்பி வருவது. அதுவரை தோட்டத்தில் பெயர் வெட்டாமல் இருக்க, ராணி பெரட்டில் போய் நின்று "இருக்கேன்" என்று சொன்னார். அப்போதைய கங்காணி தெரிந்தவர், பேசாமல் இருந்துவிட்டார்.

"ரெண்டு கெழமைக்குன்னுதான் டீச்சர்."

அட்டையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனார். கொழும்பில் அந்த வீட்டு நோனா, எசமானியம்மா, இவரை மெனிக்கே என்று கூப்பிட்டார். முன்பு இருந்த வேலைக்காரியின் பெயராம், வாய்க்குப் பழகியது. "இருபத்திரண்டு வருசம் மெனிக்கே. கமலம்னு ஒரு ஆளு கூப்புட்டதில்ல. மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பறம் மெனிக்கேன்னாதான் திரும்புவேன்." சிரித்தார். பொய்ச் சிரிப்பு இல்லை.

இந்த மே மாதம் வெசாக் முடிந்ததும் நோனா பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். கமலம் வீட்டுக்கு வந்தார். வந்து பார்த்தால் கமலம் ஏற்கனவே வீட்டில் இருக்கிறார்.

"இப்ப நான் யாருன்னு எழுதுவீங்க?"

"நீங்க சொல்றபடி."

"அவளக் கேக்காம நான் சொல்லக்கூடாது. இத்தன வருசம் மழையிலயும் வெயில்லயும் அந்தப் பேரத் தூக்கிச் சொமந்தவ அவ."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசனை. ஓய்வு பெறும் வயது கமலத்துக்கு. ராணிக்கு ஐம்பத்திரண்டுதான் என்றார் அக்கா. இன்னும் எட்டு வருடம் வேலை செய்யலாம், செய்ய ஆள் இல்லை என்று தோட்டமே அழுகிறது. ஆனால் கடுதாசிப்படி அவர் கிழவி.

துவைத்த துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டேன். நாளை சட்டையெல்லாம் புகை மணக்கும்.

ஒக்டோபர் 11, வெள்ளி

நாலாம் ஐந்தாம் லயங்கள். பதினொன்றுக்குப் போகவில்லை. தைரியம் இல்லை என்று எழுதுவது நேர்மை.

இன்று பார்த்தவற்றில்: ஒரே காம்பராவில் ஒன்பது பேர், நடுவில் சேலையால் தடுப்பு. அடுத்த காம்பராவில் ஒருவரும் இல்லை, பூட்டு துருப்பிடித்து, வாசலில் மட்டும் கோலம். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறாராம். "வெறிச்சின்னு கெடந்தா நல்லாவா இருக்கு?" எண்ணிக்கையில் அந்தக் கோலத்தை எங்கே சேர்ப்பது?

விமலா டீச்சர் போன். நாலாம் வகுப்பில் கண்ணாடி உடைந்ததாம். நானில்லாத நாள் பார்த்து.

ஒக்டோபர் 12, சனி

இப்போது மாலை ஐந்து. கால் வலி. ஒழுங்காக எழுத வருகிறதா பார்க்கிறேன்.

பதினொரு மணிக்குப் பதினோராம் காம்பரா. கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. அக்கா அடுப்படியில் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. ஏதோ சிங்களத்தில் முனகினார், "என்னம் நோனா, என்னம்" என்று. வருகிறேன் நோனா.

சரோஜாவைக் கூப்பிட்டேன். அவர் மலைக்கு ஓடினார். நான் ஓட்டோவுக்குப் போன் அடிக்கப் பாறைமேல் ஓடினேன். ராணி வந்தபோது காலில் செருப்பு இல்லை, முதுகில் கொழுந்துச் சாக்கு அப்படியே. அதைக் கழற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை அவருக்கு. நான்தான் கழற்றினேன். போர்வையில் வைத்து நாலு பேர் ஸ்டோர் வரை தூக்கினார்கள், பிறகு ஓட்டோ. நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். ராணி ஒரு கிளினிக் புத்தகத்தையும் குளிசைப் பையையும் நீட்டினார். எங்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே நர்ஸ் அம்மா நோயாளியைத் தட்டி எழுப்பும் சத்தம்.

"கமலம்... கமலம்... கேக்குதா?"

"இருக்கேன்" என்றார் ராணி.

வாசலில் நின்றபடி, சத்தமாக. நர்ஸ் அம்மா திரும்பிப் பார்த்தார். ராணி வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் அம்மா புத்தகத்தோடு வெளியே வந்தார். "இது யாரோட புத்தகம்? ஒரு மாசம் பிரஷர் கூட, சீனி இல்ல. அடுத்த மாசம் சீனி கூட, பிரஷர் இல்ல. பையில ரெண்டு மருந்தும் இருக்கு. இவங்க எதப் போட்டாங்கன்னு தெரியணும். சரியாச் சொல்லுங்க."

ராணி என்னைப் பார்த்தார். சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

"ரெண்டு பேரோடதும்மா. பிரஷரு எனக்கு. சீனி அக்காவுக்கு. ஒரு மாசம் நான் வருவேன், ஒரு மாசம் அவ வருவா. கமலம் அவதான். நான் கமலம் இல்ல."

"அப்ப நீங்க யாரு?"

"ராணி."

நர்ஸ் அம்மா திட்டவில்லை. பிரஷர் குளிசை எது, சீனிக் குளிசை எது, காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினார். சாப்பிடவில்லை. குளிசையைப் போட்டுவிட்டு, தங்கை பகலுக்கு வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. வார்டில் வைத்திருக்கிறார்கள்.

வாங்கில் உட்கார்ந்திருந்தபோது ராணி தானாகப் பேசினார். என் பக்கம் பார்க்காமல், எதிரே சுவரைப் பார்த்து.

"முப்பத்திமூணு வயசுல ஒருத்தர் கேட்டாரு டீச்சர். கினிகத்தேனையில கடையில நின்னவரு. எனக்கும் பிடிச்சிருந்துச்சு. கல்யாணம் பதியப் போகணும்னாரு. எந்தப் பேருல போறது? ராணிக்குக் கடுதாசி இல்ல. கமலத்துக்கு ஏற்கெனவே கல்யாணம் பதிஞ்சிருக்கு. அவருகிட்ட என்னன்னு சொல்லுறது? புடிக்கலன்னு சொல்லிட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

கைகளைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, கறுத்து வெடித்து. என் அம்மாவுக்கும் அப்படித்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் பக்கத்துக் கடையில் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அக்காவுக்கு என்று மடித்து வைத்தார்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஞானஸ்நானம் ஒன்று இருந்தது, குழந்தையின் பெயரை ஃபாதர் மூன்று முறை சத்தமாகச் சொன்னார். அழுகை வந்துவிட்டது. ரெஜி கைலேஞ்சி கொடுத்தார், பிள்ளை இல்லாத அழுகை என்று நினைத்திருப்பார். அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

பகலுக்குக் கருவாடு. ராணி சோறு தின்றிருப்பாரா?

ஒக்டோபர் 14, திங்கள்

வெயில்! துணியெல்லாம் காய்ந்தது.

ஆறாம் லயத்துக்குப் போகும் வழியில் சரோஜா மூச்சிரைக்க ஓடி வந்தார். "டீச்சர், பெரட்டுல நடந்தது தெரியுமா?" இவருக்கு ஆதியிலிருந்தே எல்லாம் தெரியும். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக முழு டிவிஷனும் ஒரு பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, வெளி ஆள் வரும்போது மட்டும் சரோஜாவுக்கு வாய் தவறிவிட்டது. "அன்னைக்கி ஒங்களப் பாக்கல டீச்சர். அப்பறம் என் வாயில நானே அடிச்சிக்கிட்டேன்."

நடந்தது, சரோஜா சொன்னபடி: கங்காணி "கமலம்!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். ராணி முன்னால்தான் நின்றார். மூன்றாம் முறை கூப்பிட்டதும், "கமலம் ஆஸ்பத்திரியில. நான் ராணி. எனக்குப் பேரு இல்ல, நிக்கிறேன்" என்றாராம்.

கண்டாக்கு அங்கேயே நின்றார். பெயர்ப் பதிவான செக்ரோலைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், மறுபடி செக்ரோல். பிறகு கங்காணியிடம், "கமலம் சுகமில்லன்னு எழுது. இந்தப் பொம்பளயக் கைக்காசுக்குப் போடு. பேரு ராணி" என்றார். அவ்வளவுதான். ராணி மலைக்கு ஏறினார்.

பகல் இடைவேளையில் கண்டாக்கைப் பார்த்தேன். நானாகவேதான் போனேன். டெப் பையில்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நான் இங்க வந்த வருசமே காதுல விழுந்துச்சு டீச்சர். எழுதுனா அந்தப் பொம்பளைக்கு வேல போகும். எழுதாட்டி நான் பதில் சொல்லணும். அதனால தெரியாதுன்னு வச்சுக்கிட்டேன்." பிறகு, "அன்னைக்கி ஒங்க டெப்பக் கேட்டது, அதுல எப்புடி எழுதியிருக்கீங்கன்னு பாக்கத்தான். தொர லிஸ்ட்டு கேட்டதும் நெசந்தான்" என்றார்.

நம்பலாமா? பாதி நம்பினேன்.

பதிந்த வேலை இனி ராணிக்கு இல்லை. கொழுந்து இருக்கும் நாளில் கூப்பிடுவார்கள், இல்லாத நாளில் இல்லை. இருபத்திரண்டு வருடத்து உழைப்பு கமலத்தின் பெயரில் நிற்கும். ராணி இன்று ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்.

மாலையில் பதினோராம் காம்பரா. ராணி கால் கழுவிவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். "இப்ப எழுதுங்க டீச்சர்."

வரி ஒன்று. கமலம். வீட்டுத் தலைவர். வேலை: தோட்டம், பதிந்த ஆள், இப்போது சுகவீனம்.
வரி இரண்டு. ராணி. தலைவரின் சகோதரி. வேலை: கொழுந்து. திருமணம்: ஆகவில்லை.

பிறந்த திகதி என்ற இடத்தில் நின்றுவிட்டோம். வயது மட்டும் போட்டேன், அதற்கு வழி இருக்கிறது. "எழுதுனதக் காட்டுங்க" என்றார். காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதப் பாத்து யாராச்சும் எனக்கு ஐடென்டி குடுப்பாங்களா?" இல்லை, இது தலையை எண்ணுவதற்கு மட்டும், யார் என்று யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன். "பரவால்ல" என்றார்.

ஒக்டோபர் 16, புதன்

நேற்று எழுத முடியவில்லை. ஆறாம் லயம் முடிந்தது. எல்லாவற்றையும் பாறைமேல் நின்று அனுப்பினேன். டெப்பைத் திருப்பிக் கொடுத்ததும் கை வெறுமையாக இருந்தது.

கமலம் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கிளினிக் புத்தகம் இப்போது. ராணியின் புத்தகத்தில் அட்டை எண் எழுதும் இடம் காலி.

கிராம சேவகரிடம் நாளை இருவரையும் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டேன். டெப்பில் பார்த்ததை நான் எங்கும் பேசவில்லை, அவர்களே வந்து பேசுகிறார்கள், நான் துணைக்கு மட்டும். சட்டப்படி சரியா என்று இரண்டு முறை யோசித்தேன். ரெஜி சொன்னார், "போயிட்டு வா. போகாட்டி ஒனக்குத் தூக்கம் வராது."

ஒக்டோபர் 17, வியாழன்

பிற்பகல் தூறல். கிராம சேவகர் அலுவலகம். வாங்கில் நாங்கள் மூவரும்.

சிங்கள ஐயா, வயதானவர், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். காலம் கடந்த பிறப்புப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதித் தந்தார். பள்ளிக்கூடப் பதிவு, இல்லை. மருத்துவிச்சி புத்தகம், இல்லை. அம்மா அப்பா, இல்லை. எல்லாம் தேடித் தலவாக்கலைக்கு அனுப்பிப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

"இவங்க பொறந்தது பாத்த ஆள் யாரும் உயிரோட இருக்குதா? இருந்தா சத்தியக் கடுதாசி குடுக்கலாம்."

"நான் இருக்கேன்" என்றார் கமலம்.

"நம மொகக்த?"

பெயரைக் கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கா, "கமலம்" என்றார். ஐயா எழுதினார்.

"அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"ஏழு. ஆடி மாசம். கீழ் டிவிசன் பாலம் ஒடஞ்ச வருசம். அம்மா மலையிலருந்து வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. அப்பா ஸ்டோர்ல. ஓடிப்போயி மருத்துவிச்சியக் கூட்டியாடின்னு அம்மா என்னைய அனுப்புனுச்சு."

"கூட்டி வந்ததா?"

கமலம் முந்தானையை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"வழியில கொய்யா மரம் இருந்துச்சு ஐயா. ஏறிட்டேன். நான் மருத்துவிச்சியக் கூட்டிக்கிட்டு வாறதுக்குள்ள இவ பொறந்து தரையில கெடந்து அழுவுறா. பக்கத்துக் காம்பராக்காரங்கதான் கொடிய வெட்டுனாங்க. பொறந்த பொறகு என்னைய எதுக்கு கூப்புட்டேன்னு மருத்துவிச்சிக்குக் கோவம். புத்தகத்துல எழுதாமலே போயிருச்சு. அப்பறம் யாரும் எழுதல."

ஐயா பேனாவை வைத்துவிட்டார்.

"இத நீ என்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார் ராணி.

"எப்புடிச் சொல்லுறது?"

ராணி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அல்லது எழுந்து போய்விடுவார் என்று.

"பழமாச்சும் நல்லாயிருந்துச்சா?"

"காயி" என்றார் கமலம்.